ஜாக் பிளேட்: அவுட்போர்டு மோட்டாரின் உயரக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஜாக் பிளேட் என்பது படகின் பின்பலகையான டிரான்சத்துக்கும் அவுட்போர்டு மோட்டாருக்கும் நடுவில் மாட்டும் அலுமினியச் சட்டம். மோட்டாரை ஏற்றி இறக்க வழி செய்கிறது. கூடவே 4 முதல் 12 அங்குலம் வரை அதைப் பின்னுக்கும் தள்ளிவிடுகிறது. அமெரிக்க ஏரிகளில் ஓடும் பாஸ் மீன்பிடிப் படகுகளிலும், ஃபுளோரிடா, டெக்சாஸ் கரையோரத்து ஆழமில்லாக் கழிகளிலும் சாதாரணமாகப் புழங்கும் சாமான் இது. அங்கே 150, 200 குதிரைத்திறன் மோட்டாருக்குச் சொல்லும் கணக்கை, 14 அடிப் படகில் 25 குதிரைத்திறன் வைத்திருப்பவர் அப்படியே எடுத்துக்கொண்டால் படகின் பின்பக்கம் அமிழும். சிறிய படகுக்கு லாபம் உயரத்தில்தான் இருக்கிறது. பின்தள்ளல் அதற்குக் கொடுக்கிற விலை. எவ்வளவு குறைவாகக் கொடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

கீழே சொல்வதெல்லாம் 12 முதல் 18 அடி வரை நீளமுள்ள, வேகம் பிடித்ததும் நீர்மேல் எழும்பி வழுக்கி ஓடும் படகுகளுக்கு. குமரி, கேரளக் கரைகளில் 9.9 குதிரைத்திறன் எஞ்சினோடு, வலையும் ஆளுமாய்ப் பாரம் ஏற்றிப் போகும் நீண்ட ஃபைபர் படகுகள் வேறு சாதி. நீர்க்கோட்டு நீளம் 25 அடி என்றால், அதன் வர்க்கமூலமான 5-ஐ 1.34-ஆல் பெருக்க வருகிற 6.7 நாட் (மணிக்கு 6.7 கடல்மைல்) தான் அவற்றின் இயல்பான வேக எல்லை. அங்கே மோட்டாரை ஏற்றினால் அலை பின்பக்கத்தைத் தூக்கும்போதெல்லாம் புரொப்பல்லர் காற்றில் சுற்றி உறுமும். அந்தப் படகுகளுக்குத் தேவை ஆழமாக இறங்கும் நீளத் தண்டு. ஜாக் பிளேட் வேண்டாம்.

அளக்காமல் எதையும் கழற்றாதீர்கள்

புரொப்பல்லருக்கு மேலே கிடையாக நீட்டிக்கொண்டிருப்பது கேவிட்டேஷன் தகடு. எல்லா அளவும் இதிலிருந்துதான். படகைக் கரையில் நிமிர்த்தி வைத்து, அடிப்பாகத்தின் நடுக்கோட்டில், வி வடிவ அடி என்றால் வி-யின் முனையில், ஒரு மீட்டர் நேர்கட்டையை ஒட்டிப் பிடித்து மோட்டார் வரை பின்னால் நீட்டுங்கள். கேவிட்டேஷன் தகடு அடிப்பாகத்துக்கு இணையாக வரும்படி டிரிமை, அதாவது மோட்டாரின் சாய்வை, முதலில் வையுங்கள். சிறிய மோட்டாரில் இதற்குக் குறுக்குப் பின்னை வேறு துளைக்கு மாற்ற வேண்டியிருக்கும். பிறகு நேர்கட்டைக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் நேராக டிரான்சத்தில் இருந்தால், தகடு அடிப்பாகத்தோடு சமமாகவோ ஓர் அங்குலம் வரை மேலேயோ இருப்பது பொதுவான தொடக்க அளவு. பின்னால் தள்ளி மாட்டினால், ஒவ்வொரு 8 முதல் 12 அங்குலப் பின்தள்ளலுக்கும் இன்னும் ஓர் அங்குலம் ஏற்றலாம். ஓடும் படகின் அடியிலிருந்து விடுபட்ட நீர் பின்னால் போகப்போக மேலெழும்புவதுதான் காரணம். எனவே 5½ அங்குலப் பின்தள்ளலில் கிடைப்பது அரை அங்குலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

அடுத்து டிரான்சத்தின் உயரம். மோட்டார் உட்காரும் விளிம்பின் நடுவிலிருந்து அடி நுனி வரை அளந்தால் 15, 20 அல்லது 25 அங்குலத்தை ஒட்டி வரும். மோட்டார் தண்டும் இதே மூன்று அளவுகளில்தான் பெரும்பாலும் வருகிறது. இரண்டும் பொருந்தவில்லை என்றால் நோய் அங்கேயே தெரிந்துவிட்டது.

மூன்றாவது, ஆர்.பி.எம்., அதாவது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்பது. ஸ்பார்க் பிளக் வயரைச் சுற்றிக் கட்டும் சிறிய டாக்கோமீட்டர் ஒன்று போதும். கையேட்டில் முழு த்ராட்டில் எல்லை என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். பல நான்கு ஸ்ட்ரோக் மோட்டார்களில் அது 5000 முதல் 6000 வரை இருக்கும். அரை டாங்க் எரிபொருள், வழக்கமான ஆள் பாரம், காற்றுக்கு எதிராக ஒரு ஓட்டம், காற்றோடு ஒரு ஓட்டம். வேகம், ஆர்.பி.எம்., மோட்டாரைக் குளிர்வித்து வெளியே பீச்சும் குளிர்நீர்த் தாரையின் நிலை மூன்றையும் எழுதி வையுங்கள். இந்தத் தாள் இல்லாமல் செய்யும் மாற்றம் எதுவும் உதவியதா கெடுத்ததா என்று தெரியாது.

அறிகுறி: டிரான்சத்துக்குப் பின்னால் நீர் பீறிட்டுத் தெறிக்கிறது, வேகம் வரவில்லை, ஸ்டியரிங் கனக்கிறது

மோட்டார் ஆழத்தில் இருக்கிறது. கேவிட்டேஷன் தகடு முழுக்க மூழ்கி, அதற்கு மேலே உள்ள, மோட்டாரின் அகலமான தண்டுப்பகுதி (கால்) நீரில் இடிக்கிறது. சீரான வேகத்தில் ஓடும்போது இன்னொருவர் பின்னால் எட்டிப் பார்க்கட்டும். ஓட்டுபவர் எட்டிப் பார்க்கக் கூடாது. தகடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அதன் மேல்பரப்பை மெல்லிய நீர்ப்படலம் நனைத்தும் விட்டும் ஓட வேண்டும். தகடே தெரியாமல், காலின் இருபுறமும் மீசைபோல் நீர் ஏறி மோட்டார் பிராக்கெட் வரை அடித்தால், ஏற்ற வேண்டும்.

ஜாக் பிளேட்டைத் தேடும் முன் மோட்டாரின் சொந்தப் பிராக்கெட்டைப் பாருங்கள். போல்ட்டில் மாட்டும் மோட்டாருக்கு மேல் துளைகள் ¾ அங்குல இடைவெளியில் வரிசையாக இருக்கும். ஒரு துளை ஏற்றி ஓட்டிப் பாருங்கள். கிளாம்ப் திருகால் இறுக்கும் மோட்டாருக்கு, டிரான்சத்தின் மேல்விளிம்பில் ¾ அங்குலக் கட்டித்தேக்குத் துண்டு வைத்தால் அதே சோதனை முடிகிறது. திருகுகள் டிரான்சத்தின் கெட்டியான பகுதியை இன்னும் முழுதாகப் பற்றுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். வெறும் உயரம்தான் குறை என்றால் இதிலேயே வேலை முடிந்துவிடும்.

20 அங்குல மோட்டார் 15 அங்குல டிரான்சத்தில் உட்கார்ந்திருந்தால் துளை மாற்றிப் பயனில்லை. ஐந்து அங்குலம் ஏற வேண்டும். ஜாக் பிளேட்டுக்கு உண்மையான தேவை இங்கேதான்.

எதிர்த்திசைப் பொருத்தமின்மையும் உண்டு: 15 அங்குல மோட்டார், 20 அங்குல டிரான்சம். பின்தள்ளல் இருப்பதால் டிரான்ச விளிம்புக்குக் கீழே மோட்டாரை இறக்க முடியும்தான். ஆனால் மோட்டாரின் தலை நீர்மட்டத்துக்கு அருகில் வந்துவிடும். திடீரென்று வேகம் குறைத்தால் பின்னால் துரத்தி வரும் அலை அதன்மேல் ஏறும். கடலில் ஓடும் படகுக்கு இந்த வழி வேண்டாம். நீளத் தண்டு மோட்டாராக மாற்றுங்கள்.

அறிகுறி: திருப்பும்போதோ அலையிலோ ஆர்.பி.எம். எகிறுகிறது, படகு தள்ளாமல் நிற்கிறது

புரொப்பல்லர் மேலிருந்து காற்றை உறிஞ்சுகிறது. நேராக ஓடும்போது சரியாக இருந்து திருப்பத்தில் மட்டும் வந்தால் மோட்டார் கால் அங்குலம் அல்லது அரை அங்குலம் உயரம் அதிகம். நேர் ஓட்டத்திலேயே வந்தால் டிரிம் வெளியே அதிகம் போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். உள்ளே இழுத்ததும் பிடித்துக்கொண்டால் உயரத்தில் கை வைக்கத் தேவையில்லை.

இதில் பலர் தவறவிடுவது மோட்டாருக்கு முன்னால் அடிப்பாகத்தில் இருக்கும் பொருள்கள். ஆழமானியின் சென்சார், நீளவாட்டு விளிம்பு, ஏன், அடியில் பெயர்ந்து நிற்கும் ஃபைபர் சில்லுகூடக் காற்றுக்குமிழிகளை நேராகப் புரொப்பல்லருக்குள் அனுப்பும். சென்சாரை மோட்டாரின் நடுக்கோட்டிலிருந்து ஓர் அடிக்கு மேல் தள்ளி மாட்டுங்கள். புரொப்பல்லர் ரப்பர் ஹப் வழுக்கினாலும் இதே சத்தம் வரும். ஹப்பிலும் புரொப்பல்லரிலும் நேர்கோடாக ஒரு பெயின்ட் கோடு போட்டு ஓட்டுங்கள். கோடு விலகியிருந்தால் குற்றம் ஹப்பில்.

உயரமாகவே ஓட்ட வேண்டிய கட்டாயம் இருந்தால், உதாரணமாக பழவேற்காடு ஏரி, யாழ்ப்பாணக் கடலேரி போன்ற ஆழமற்ற நீரில், விளிம்பு வளைத்த புரொப்பல்லர் அல்லது நான்கு இதழ் புரொப்பல்லர் பிடிமானம் தரும். அதன்பின் ஆர்.பி.எம்.-ஐ மறுபடி சரிபாருங்கள். பிட்ச், அதாவது புரொப்பல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் கணக்குத் தூரம், ஓர் அங்குலம் மாறினால் 150 முதல் 200 ஆர்.பி.எம். மாறும்.

அறிகுறி: குளிர்நீர்த் தாரை மெலிகிறது, வெப்ப அலாரம் அடிக்கிறது

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மற்ற அறிகுறிகளில் நஷ்டம் எரிபொருள். இதில் மோட்டாரே போகும்.

ஐட்லிங்கிலேயே தாரை மெலிந்திருந்தால் உயரத்தின்மேல் பழி இல்லை. இம்பெல்லர், அதாவது குளிர்நீர் பம்பின் ரப்பர் சக்கரம், தேய்ந்திருக்கும், அல்லது நீர் நுழையும் சல்லடையில் பாசி, பிளாஸ்டிக் அடைத்திருக்கும். மணலில் இழுத்து ஏற்றும் படகுகளில் இம்பெல்லர் சீக்கிரம் தேயும். ஐட்லிங்கில் பலமாக வந்து, முழு வேகத்தில் விட்டுவிட்டுத் துப்பினால், நீர் நுழைவாய் நீர்மட்டத்தைத் தொடுகிறது. உடனே வேகத்தைக் குறைத்து, கால் அங்குலமாக இறக்கிக்கொண்டே வந்து, தாரை அறுபடாமல் வரும் உயரத்தைக் கண்டுபிடியுங்கள். அதற்கும் கால் அங்குலம் கீழேதான் உங்கள் மேல்எல்லை. சட்டத்தில் பெயின்ட் அடையாளம் போட்டுவிடுங்கள். ஹைட்ராலிக் ஜாக் பிளேட் போடுபவர்கள் நீர் அழுத்தமானியும் சேர்த்தே போட வேண்டும். ஓடும்போதே ஏற்றக்கூடிய ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்க முடியாது.

அறிகுறி: படகு வலப்பக்கம் இழுக்கிறது

வழக்கமான வலச்சுற்றுப் புரொப்பல்லருக்கு ஓரளவு இழுப்பு இயல்பு. கேவிட்டேஷன் தகட்டின் அடியில் உள்ள சிறு துடுப்பின் பின்முனையை, எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதே பக்கம் கொஞ்சம் திருப்பினால் சமமாகும். மோட்டாரை ஏற்றிய பிறகு இழுப்பு கூடினால் காரணம் எளிது: அந்தத் துடுப்பு நீரை விட்டு வெளியே வந்துவிட்டது. துடுப்பைத் திருகிப் பயனில்லை. கால் அங்குலம் இறக்குங்கள்.

வாங்குவதா, செய்வதா

30 குதிரைத்திறனுக்கு மேல் என்றால் வாங்குங்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியவை: பின்தள்ளல் 4 முதல் 6 அங்குலத்துக்குள், கையால் திருகி ஏற்றும் வகை, சட்டத்தின் சொந்த எடை. ஹைட்ராலிக் வகையின் பம்பும் சிலிண்டரும் சிறிய படகுக்குத் தேவையற்ற பாரம். போல்ட் துளை அமைப்பும் ஒத்துவர வேண்டும். நடுத்தர, பெரிய மோட்டார்களின் பொது அமைப்பில் மேல் துளைகளுக்கு இடையே 12⅞ அங்குலம், அதாவது 327 மி.மீ.; கீழ்த் துளைகளுக்கு இடையே 9⅞ அங்குலம், 251 மி.மீ.; மேலுக்கும் கீழுக்கும் 8 அங்குலம். கிளாம்ப் வகைச் சிறு மோட்டார்கள் இந்த அமைப்பில் வருவதில்லை. அவற்றுக்கு மரப்பலகை வைத்த சிறிய சட்டம் தேவை.

அதைப் பட்டறையில் செய்துகொள்ளலாம். 25 குதிரைத்திறன் கிளாம்ப் மோட்டாருக்கு வேண்டியவை: 6061-டி6 அலுமினிய ஆங்கிள், 100 × 100 × 10 மி.மீ., 350 மி.மீ. நீளத்தில் நான்கு துண்டு. குறுக்காகக் கட்ட 50 × 10 பட்டை. 316 துருப்பிடிக்காத எஃகு எம்12 போல்ட்டுகள், நைலாக் (நைலான் வளையமுள்ள) நட்டுகள். எம்16 திரெட் ராட் ஒன்று. மரைன் பிளைவுட்டை எப்பாக்சியில் ஒட்டி 40 மி.மீ. கனமாக்கிய 300 × 250 பலகை. கடையில் ஜன்னலுக்கு விற்கும் 6063 ஆங்கிளைத் தொடாதீர்கள், அது மென்மையானது. வெல்டிங்கும் வேண்டாம். 6061-டி6-ஐ வெல்டு செய்தால் வெல்டை ஒட்டிய பகுதி தன் பலத்தில் பெரும்பங்கை இழக்கும். பிறகு முறிவது எப்போதும் அந்தக் கோட்டில்தான். எல்லாம் போல்ட்டில் சேரட்டும்.

இரண்டு ஆங்கிள்கள் டிரான்சத்தில் உட்காரும், மற்றொரு பக்கம் பின்னோக்கி நீளும். மீதி இரண்டும் மரப்பலகையைத் தாங்கி, தம் பக்கத்தை முன்னோக்கி நீட்டும். இரு பக்கங்களும் 60 மி.மீ. ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மொத்தப் பின்தள்ளல் 140 மி.மீ., அதாவது 5½ அங்குலம். டிரான்ச ஆங்கிளில் மேலே ஒன்று, கீழே ஒன்றாக 13 மி.மீ. அகலம், 100 மி.மீ. நீளத்தில் செங்குத்துக் காடி வெட்டுங்கள். மறு ஆங்கிளில் அவற்றுக்கு நேராக வட்டத் துளை, 170 மி.மீ. இடைவெளியில். காடியின் நடுக்கோடு விளிம்பிலிருந்து 30 மி.மீ. உள்ளே இருக்கட்டும். இதில் சுமார் 3½ அங்குலம் ஏறி இறங்கும். கீழ்க் குறுக்குப் பட்டையில் எம்16 ராடை ஏற்றி, மேலே நகரும் பாகத்தைத் தாங்க வையுங்கள். எடையைத் தாங்குவது இந்த ராட்தான். காடி போல்ட்டுகள் இறுக்கிப் பிடிப்பதற்கு. ராட் இல்லாமல் போல்ட் இறுக்கத்தை மட்டும் நம்பினால் அதிர்வில் மோட்டார் மில்லிமீட்டர் மில்லிமீட்டராக இறங்கிவிடும்.

மரப்பலகையில் கிளாம்ப் திருகு பதியும் இடத்தில் 3 மி.மீ. அலுமினியத் தகடு வையுங்கள். திருகுகளின் கைப்பிடி முழுச் சுற்றுச் சுழல இரு ஆங்கிள்களுக்கு நடுவே இடம் இருக்கிறதா என்று அட்டையை வெட்டிப் பார்த்தபிறகே துளையிடுங்கள். மோட்டாரிலிருந்து படகின் உட்புற வளையத்துக்கு ஒரு பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம்.

அறிகுறி: டிரான்சம் அசைகிறது, போல்ட்டைச் சுற்றி மயிரிழை விரிசல்

25 குதிரைத்திறன் மோட்டார் 20 நாட் வேகத்தில் ஏறத்தாழ 100 கிலோ விசையோடு தள்ளும். அந்த விசை டிரான்ச விளிம்புக்கு 65 செ.மீ. கீழே பிறக்கிறது. கீழ் போல்ட்டுகள் உள்ளே அமுக்கப்படும். மேல் போல்ட்டுகள் வெளியே பிடுங்கப்படும். பின்தள்ளல் அதே திசையில் இன்னும் சுமை ஏற்றுகிறது. அலையில் படகு அறையும்போது அது பல மடங்காகும். எனவே விரிசலை முதலில் தேட வேண்டிய இடம் மேல் போல்ட்டுகள்.

ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் டிரான்சம் முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியான இடம் ‘டக்’ என்று கூர்மையாக ஒலிக்கும். உள்மரம் ஊறியிருந்தால் ஒலி மழுங்கும். சந்தேகமான இடத்தில் உட்புறமிருந்து 4 மி.மீ. துளை போட்டு வெளிவரும் சுருளைப் பாருங்கள்: வெளிறி, உலர்ந்து, சுருண்டு வந்தால் நல்லது, கறுத்து, பிசுபிசுத்து, புளித்த வாடையோடு வந்தால் மரம் மக்கியிருக்கிறது. மக்கிய டிரான்சத்தில் எந்தச் சட்டத்தையும் மாட்டாதீர்கள். உட்புறம் தகடு வைத்து இறுக்கிச் சமாளிப்பது சில மாத வேலை. மோட்டார் கடலடிக்குப் போவதில் முடியும்.

மரம் நல்லதாக இருந்தால்: துளையை 18 மி.மீ.-க்குப் பெரிதாக்கி, கெட்டியாக்கிய எப்பாக்சியால் நிரப்பி, இறுகியபின் 13 மி.மீ. துளை போடுங்கள். அப்போது போல்ட் வழியே நீர் கசிந்தாலும் மரத்தைத் தொடாது. உட்புறம் 6 மி.மீ. அலுமினியத் தகடு முழு அகலத்துக்கும் வையுங்கள். தனித்தனி வாஷர் போதாது. பாலியூரித்தேன் மரைன் சீலன்ட் போடுங்கள். குளியலறை சிலிக்கானைத் தவிருங்கள். நிரந்தரமாக ஒட்டும் வகையையும் தவிருங்கள், பின்னால் கழற்றும்போது ஃபைபரையும் பெயர்க்கும். எம்12-ஐ 50 நியூட்டன் மீட்டர் அளவில் இறுக்கி, முதல் ஓட்டத்துக்குப் பின்னும் பத்து மணி நேர ஓட்டத்துக்குப் பின்னும் மீண்டும் சரிபாருங்கள்.

அறிகுறி: மாட்டியபின் பின்பக்கம் தாழ்ந்து, அணியம் (முன்பக்கம்) தூக்குகிறது அல்லது குதிரைபோல் குதிக்கிறது

50 கிலோ மோட்டார் 14 செ.மீ. பின்னால் போனதும், 12 கிலோ சட்டம் டிரான்சத்தில் தொங்குவதும் சேர்ந்து, 14 அடிப் படகின் மிதவை மையத்தைச் சுற்றி சுமார் 27 கிலோகிராம்-மீட்டர் திருப்புவிசையைக் கூட்டும். கிலோவை மீட்டரால் பெருக்கிய கணக்கு இது. நிரம்பிய 25 லிட்டர் பெட்ரோல் டாங்க் ஏறக்குறைய 22 கிலோ. அதை 1¼ மீட்டர் முன்னால் நகர்த்தினால் கணக்கு சமன். பேட்டரியை நகர்த்தினாலும் அப்படியே. எரிபொருள் தீரத்தீர டாங்கின் பங்கு குறையும் என்பதால், முடிந்தால் பேட்டரியையே முன்னால் கொண்டுபோங்கள்.

நிற்கும்போது நீர் வடியும் துளைகள் நீர்மட்டத்துக்குக் கீழே போயிருக்கின்றனவா என்று பாருங்கள். போயிருந்தால் பாரத்தை மாற்றியும் ஏறாவிட்டால் அந்தப் படகுக்கு அந்தப் பின்தள்ளல் தாங்காது. குறைந்த நீளச் சட்டம் போடுங்கள். ஓடும்போது குதித்தால் டிரிமை ஒரு துளை உள்ளே இழுங்கள்.

அறிகுறி: முழுக்கத் திருப்பினால் ஸ்டியரிங் பிடிக்கிறது, கையெட்டவில்லை

கேபிள் குட்டையாகிவிட்டது. ஓர் அடி நீளமானதாக மாற்றுங்கள்; இருப்பதை வளைத்து இழுத்துச் சமாளித்தால் உள்கம்பி தேயும். எரிபொருள் ஹோஸ், பேட்டரி வயர், கியர் கேபிள் எல்லாவற்றையும் மோட்டாரை முழுக்க டில்ட் செய்து, இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். சுக்கான் கைப்பிடி உள்ள மோட்டாரில் 14 செ.மீ. பின்னால் போனதே முதுகை வளைக்கும்; நீட்டிப்புக் குழாய் போடுங்கள், ஆளின் எடையும் பின்னால் போகாது.

அறிகுறி: போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி, நட்டு அசைய மறுக்கிறது

உப்பு நீரில் துருப்பிடிக்காத எஃகும் அலுமினியமும் நேராகத் தொட்டால் அரிக்கப்படுவது அலுமினியம். மாட்டும்போதே போல்ட் தண்டு முழுக்க லேனோலின் கிரீஸோ அரிப்புத் தடுப்புப் பசையோ பூசி, தலைக்கடியில் நைலான் வாஷர் வையுங்கள். காடி போல்ட்டுகளை மாதம் ஒருமுறை தளர்த்தி, சட்டத்தை மேலும் கீழும் ஒருமுறை ஓடவிட்டு இறுக்குங்கள். நைலாக் நட்டை மூன்று நான்கு முறை கழற்றிவிட்டால் புதிதாக மாற்றுங்கள். இறுகிப்போன எஃகு நட்டை வேகமாகச் சுழற்றினால் திரெட் ஒன்றோடொன்று கடித்து ஒட்டிவிடும்; எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னும் பின்னுமாக, கையால் மட்டும் திருப்புங்கள்.